ஓடு பிடிக்காத கை

ஆலாத்திட்டில் பெண்களின் கைகளுக்கு ஓடு வந்த காலையில் இருளாயி உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள், அதனால் விஷயம் அவளுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஊர் அதற்குப் பழகத் தொடங்கியிருந்தது. மாமியார் மூக்கம்மா கொல்லைப்பக்கமிருந்து வந்து, கொதிக்கிற உலைமூடியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி காணாது, இன்னொரு செம்பு ஊத்து" என்றாள். அந்தக் கை மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும் பழுப்பும் பச்சையும் கலந்த ஓடாக இருந்தது. கணுக்களில் மட்டும் வெளிறிய மடிப்பு, புறங்கையில் வெள்ளைப் புள்ளிகள், அப்படியே கல்நண்டின் முதுகு. இருளாயி கையைப் பார்த்தாள், மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

ஆலாத்திட்டு ஆட்கள் வலைக்காரர்கள் அல்ல, தூண்டில்காரர்கள். நீளக் கயிறு ஒன்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிட்டுக் கடலடியில் கிடத்துகிற ஆயிரங்கால் தூண்டில் அவர்களுடையது. அதில் களவாயும் திருக்கையும் விளமீனும் மாட்டும். முன்பெல்லாம் முள்ளில் சாளையையும் கணவாயையும் இரையாகக் குத்தினார்கள். வெளியூர் விசைப்படகுகள் வந்து, கொசுகூட நுழையாத மடிவலையால் கடலை வழித்து, மீன்குஞ்சுகளைக் கோழித்தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போன பிறகு, முள்ளில் குத்த ஒன்றும் இல்லை. எஞ்சியது திட்டைச் சுற்றிய பாறைகளில் ஊர்கிற கல்நண்டுதான். சதை கொஞ்சம், ஓடு கெட்டி, அதை யாரும் தின்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஆனால் கடலடியில் அதுதான் நின்றது. மற்ற இரையைப் பொடிமீன்கள் கொத்திக் கொத்தி முள்ளை வெறுமையாக்கிவிட, கல்நண்டின் அடியோட்டை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பெரிய வாயுள்ள களவா வரும்வரை அது முள்ளிலேயே காத்துக் கிடந்தது.

நண்டை உடைத்து இரை கட்டுவது பெண்கள் வேலை. மல்லாத்தி, கொடுக்கையும் கால்களையும் திருகி எறிந்து, வயிற்று மூடியைத் தூக்கி, பின்பக்கம் ஓடும் உடலும் சேருமிடத்தில் பெருவிரலை நுழைத்து நெம்பினால் மேலோடு டப்பென்று கழன்று வரும். உள்ளேயிருக்கிற பஞ்சுபோன்ற செவுளை வழித்துவிட்டு, உடலை இரண்டாக ஒடித்து, கால் இருந்த குழி வழியே முள்ளை ஏற்றி நூலால் சுற்ற வேண்டும். இதில் கத்தி கூடாது, அரிவாள்மனை கூடாது. முள்ளின் இரும்பைத் தவிர வேறு இரும்பு பட்ட இரையைக் களவா மோந்துவிட்டு விலகிப் போகும் என்பது அந்த ஊரின் தீர்மானம். கல்லால் தட்டினால் சாறு மண்ணில் போய்விடும், ரப்பர் உறை போட்டால் ரப்பர் நாறும், ஆகவே வெறுங்கை. கரையில் உடைமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கூடை கூடையாக, மாசி முழுதும் பங்குனி முழுதும், பேசிக்கொண்டும் வைதுகொண்டும் சிரித்துக்கொண்டும் உடைத்தார்கள்.

அந்த வட்டத்தில் இருளாயிக்கு இடமில்லை. அவள் கடலே கண்ணில் படாத மிளகாய்க்காட்டு ஊரில் பிறந்தவள், அரைநாள் பஸ்ஸில் வந்து வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று கூடைப்பக்கம் குந்தியபோது அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் முழங்கையால் தள்ளினாள். பஞ்சவர்ணத்துக்கு நாக்கும் நீளம், சிரிப்பும் நீளம்.

"ஏய் காட்டுக்காரி, தள்ளி உக்காரு. ஒங் கை பட்ட நண்டக் களவா மோந்து பாத்துட்டு, என்னடா மொளகா வாடை அடிக்குதேன்னு நம்மளயே ரசம் வைக்கச் சொல்லும்."

வட்டமே குலுங்கிற்று. மூக்கம்மாவும் சிரித்தாள். "காட்டுக் கை இரைக்கு ஆகாதுத்தா. நீ போயி ஒலையப் பாரு." இருளாயி மூன்றாவது மாதக் கர்ப்பத்தோடு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்படித்தான் அவள் கை தப்பியது.

பெண்களுக்கு வந்த ஓடு, முள்ளைக் கயிற்றில் கோக்கிற ஆண்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் நண்டு பொறுக்கப் போகிற பிள்ளைகளுக்கும் வந்தது. அதன்பின் புதிதாக நண்டை உடைத்தவர்களுக்கு உள்ளங்கை அரிக்கும், பிறகு வெளுக்கும், ஒரு பட்சம் முடிவதற்குள் ஓடு இறுகிவிடும். வலி இல்லை, அதனால் பயமும் அதிக நாள் இருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்து சுரண்டி எடுத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. ரேஷன் கடை மெஷினில் விரல்ரேகை விழவில்லை என்று பெண்கள் மண்ணெண்ணெய்க் கேனோடு மறியல் செய்தார்கள், அதிகாரி கண்ணைப் பார்க்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார், மறியல் முடிந்தது. சூடு தெரியாத கையால் காளியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதில் இனி என்ன நேர்த்திக்கடன் இருக்கிறது என்று கேள்வி வந்தது, சட்டியை முழங்கை மடிப்பில் ஏந்த வேண்டும் என்று பூசாரி மாற்றிச் சொன்னார். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் சுண்டுவிரலைப் பிடிக்கிறபோது கிளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்தடுத்த கல்யாணங்களில் மேளக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து கெட்டிமேளம் கொட்டினார்கள். மீன்முள் குத்துவதில்லை, கயிறு அறுப்பதில்லை, திருக்கை வால் அடித்தாலும் சிரிக்கலாம். நமக்கு இது முன்னமே வந்திருக்க வேண்டியது என்றுகூடச் சொன்னார்கள்.

இழந்ததை மெதுவாகத்தான் கண்டார்கள், அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் பிள்ளைகளின் கன்னங்களில் கீறல்கள் இருந்தன. தடவிக்கொடுக்கப் போனால் நாய்கள் ஒதுங்கின. இருளாயியின் புருஷன் நம்புராஜன் படுக்கும்போது இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் பழகினான், ஒருமுறை அவள் முதுகில் ரத்தம் வந்த பிறகு.

"எப்பிடி இருக்கு எங் கை?" என்று கேட்டான்.

"கை மாதிரித்தான் இருக்கு."

"பொய் சொல்லாத."

"ஆம்பளைக் கை முன்ன மட்டும் பஞ்சாவா இருந்துச்சு? பேசாம படுங்க."

பெண்பிள்ளை பிறந்தது, அபிநயா என்று பேர் வைத்து அபி என்று கூப்பிட்டார்கள். நம்புராஜன் பிள்ளையைத் துணியோடு சேர்த்து முன்கைகளில் ஏந்தினான், விரல் படாமல், தட்டில் பூசைச்சாமான் ஏந்துகிறவன்போல. பிள்ளையின் தலைக்குமேல் ஓட்டுவிரல்கள் ஒன்றோடொன்று பட்டு எழுகிற டொக் டொக் சத்தம் அதற்குப் பிடித்திருந்தது, சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் பஞ்சவர்ணத்தின் கடைக்குட்டி கதிர் செத்தான். காலையிலிருந்து மடியில் சுருண்டு கிடந்தான். அவள் ஒரு கையால் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டும் மறுகையால் நூல் சுற்றிக்கொண்டும் வட்டத்தில்தான் இருந்தாள், சூடு தெரியவில்லை, தூங்குகிறான் என்று நினைத்தாள். குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள்; வெயிலில் காய்ந்த கன்னம் தன் சூட்டையே சொன்னது. பக்கத்திலிருந்தவர்களும் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, வெயிலுக்கு அசந்து கிடக்கிறான் என்றார்கள். வெயில் சாய்ந்து கூடை காலியானபோது அவனை எழுப்பினாள், எழவில்லை. நெஞ்சில் கை வைத்தவர்களுக்கு உள்ளே ஓடுகிறதா நின்றதா தெரியவில்லை, மூக்கருகே பிடித்த விரல்களுக்கு மூச்சு தெரியவில்லை, ஒருத்தி இருக்கு என்றாள், ஒருத்தி இல்லை என்றாள். அப்போதுதான் யாரோ, சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் தோல் கை ஒன்று இருப்பதை நினைத்தார்கள்.

இருளாயியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் மண்டியிட்டு, பிள்ளையின் சட்டைக்குள் கைவிட்டு, நெஞ்சில் வைத்தாள், கழுத்தில் வைத்தாள், பாதத்தில் வைத்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வட்டம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பஞ்சவர்ணம் தன் மார்பில் அடித்துக்கொண்ட சத்தம் கல்லில் கல் மோதுகிற சத்தமாக இருந்தது, அதற்குப் பிறகு ஊரில் எந்தச் சாவிலும் அந்தச் சத்தம்தான்.

நண்டு இரையை விட்டுவிடலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. விட்டால் தூண்டில் வெறும் கயிறு. சுகாதார நர்ஸ் வீடு வீடாக தெர்மாமீட்டர் கொடுத்தாள். ஓட்டு விரல்களில் அது நிற்காமல் நொறுங்கிற்று, நொறுங்காதவை எண்ணைச் சொன்னதோடு சரி, பிள்ளையை ஆற்றவில்லை. ஓடு வராத குழந்தைகளைப் பிடித்து, காய்ச்சல்காரன் நெற்றியில் அவர்கள் கையை வைத்து, "சுடுதாடா?" என்று கேட்டுப் பார்த்தார்கள், சுடுது என்றும், சுடலை என்றும், மிட்டாய் தா என்றும் அவை மாற்றி மாற்றிச் சொல்லின. ஆகவே இருளாயியைக் கூப்பிட்டார்கள். காய்ச்சலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், வயிற்றில் பிள்ளை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கக் கூப்பிட்டார்கள், பிறந்ததைக் குளிப்பாட்ட, சுளுக்கை நீவ, தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொடுக்க, கடைசியாகக் கண்களை மூடிவிடக் கூப்பிட்டார்கள். ஒன்றும் இல்லாமலும் வந்தார்கள். தலைநரைத்த மீனவர் ஒருவர் வாசலில் வந்து நின்று, தலையில் பேன் இருக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார் தாயி என்றார். பேன் இல்லை என்று இருவருக்கும் தெரியும், அவள் பார்த்தாள், அவர் குனிந்தபடியே அழுதுவிட்டுப் போனார்.

காளியம்மன் கோயில் முன்னே ஊர் கூடிற்று. ஊர்த்தலைவர் சீனிவேல் சொன்னார்: "இங்க பாருத்தா, இனிமே அது ஒங் கையி இல்ல, ஊர்க் கையி. அதுல ஒரு கீறல் விழுந்தா ஊருக்கு விழுந்த மாதிரி. நீ தண்ணி எடுக்க வேணாம், பாத்திரம் வெளக்க வேணாம். எல்லாம் முறை போட்டு வந்து செய்வாங்க."

"கும்புட்டுக்க, கும்புட்டுக்க" என்று மூக்கம்மா மருமகளின் முதுகைத் தள்ளினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டுக்காரி என்று தள்ளிய வாய்கள் எல்லாம் மகராசி என்றன.

அதன்பின் இருளாயி எங்கே போனாலும் கூட ஒருத்தி போனாள். அவள் கையில் காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் தடவப்பட்டது. வேலையில்லாத கை நாளுக்கு நாள் மெலிந்து, தோல் காகிதமாகி, கயிற்றுப் பிசிர் பட்டாலும் ரத்தம் துளிர்த்தது; அதில் ஊரின் சூடெல்லாம் ஏறி இறங்கியது, யாருடைய பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச் செத்தது என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். வீடு திரும்பும்போது அபி தூங்கியிருப்பாள். தன் பிள்ளையின் தலையைத் தடவ அவளுக்கு மிச்சமிருந்த நேரம் அதுதான், அப்போதும் வாசலில் யாராவது செருமுவார்கள்.

அவள் அப்பா செத்தார் என்று மிளகாய்க்காட்டிலிருந்து செய்தி வந்தபோது அவளையும் அபியையும் அனுப்பினார்கள், இரண்டு பெண்களைக் கூட வைத்து. பிணம் எடுத்த மறுநாள் ஆலாத்திட்டிலிருந்து போன் வந்தது, ஒரு பச்சைப்பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டார்கள், நீர் எவ்வளவு சூடு என்று தெரியாமல். கூட வந்தவர்கள் அவளை அழைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "கருமாதி முடிச்சுட்டுப் போயேன்டி, செத்தவரு ஒன் அப்பன்" என்றார் அவள் சித்தப்பா. இருளாயி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். யாரும் கட்டி இழுக்கவில்லை என்பதை அவள் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்; இழுத்திருந்தால் ஓடியிருக்கலாம். தன் கையைத் தன்னால் திரும்ப வாங்க முடியாது என்று அந்த பஸ்ஸில் அவளுக்குத் தெரிந்தது. அபி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடுகிற காற்றை விரல்களால் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு வந்தாள்.

மற்றப் பிள்ளைகள் நண்டுக்குப் போகிற வயது அபிக்கு வந்தது. தலைவர் நாலைந்து பேரோடு வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"பாப்பா இனிமே பாறைப்பக்கம் போகவேணாம்த்தா."

இருளாயி அபியின் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் வயசாகும்ல. ஒனக்குப் பெறகு ஊருக்கு ஒரு கை வேணும்ல. ஒன்னோட காட்டு ரத்தம் அதுக்கும் இருக்கு, ஓடு பிடிக்காது."

"பிடிக்காதுன்னு யாரு பாத்தது? நான் நண்டத் தொட்டதே இல்லியே, மாமா. மத்த வீட்டுப் பிள்ளையில ஒண்ணத் தொடாம வளத்தா அதுக்கும் இருக்கும்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லா வீட்டுக்கும் இரை கட்ட ஆள் வேணும்லத்தா" என்றார் தலைவர் மெதுவாக. "ஒங்க வீடு ஏற்கெனவே குடுத்த வீடு. பழகுன வீடு. நாளைக்குக் கட்டிக்குடுத்தாலும் உள்ளூர்லதான் குடுப்போம், கொறை வைக்க மாட்டோம்."

"எங்க வம்சத்துக்கு அம்மன் குடுத்தது" என்று மூக்கம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

நம்புராஜன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே பெண்கள் பூப்போட்ட பருத்தித் துணியில் இரண்டு சின்னப் பைகள் தைத்து, அபியின் கைகளை அவற்றில் விட்டு மணிக்கட்டில் நாடா கட்டினார்கள். எழுதும்போதும் சாப்பிடும்போதும் மட்டும் அவிழ்க்கலாம். அபியால் கோலிக்குண்டு எடுக்க முடியவில்லை, மூக்கைச் சொறிய முடியவில்லை. கிளுக் கிளுக்கென்று கையடித்து விளையாடுகிற பிள்ளைகள் அவளைப் பொட்டலம், பொட்டலம் என்று கூப்பிட்டன; அவள் பையோடு அடித்தாள், அடி அவர்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் இருளாயி பிரசவம் ஒன்றில் இருந்தபோது தெற்குத்தெருவில் ஒரு கிழவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். காத்திருக்கப் பொறுக்காமல் அபியைத் தூக்கிப் போனார்கள். மாலையில் இருளாயி வந்தபோது பிள்ளை அடுப்பருகே உட்கார்ந்து இரண்டு கைகளையும் தணலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சுட்டுக்கப்போற."

"அம்மா, அந்தத் தாத்தா ஏன் அம்புட்டுக் குளிரா இருந்தாரு?"

இருளாயி பிள்ளையின் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்தாள்.

"நாந்தான் இல்லைன்னு சொன்னேன். சொன்னதும் எல்லாரும் என்னயப் பாத்து அழுதாங்க. நான் என்னம்மா பண்ணேன்?" பிள்ளை கையை உருவித் திரும்பவும் தணலுக்கு நீட்டியது. "இன்னும் குளிருதும்மா. போகவே மாட்டேங்குது."

அது போகாது என்று இருளாயிக்குத் தெரியும். கதிரின் குளிர் இன்னும் அவளுடைய வலது கையில், பெருவிரலுக்குக் கீழே இருந்தது.

மறுநாள் முற்பகலில் நீர் வற்றிப் பாறைகள் வெளிப்பட்டிருந்தன. அன்றைக்கு அவளுக்குத் துணையாக இருக்கிற முறை பஞ்சவர்ணத்துடையது. கதிர் போன பிறகு அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது, பேச்சும் பாதியாகிவிட்டது. துணைக்குத் துணையும் ஆச்சு, நண்டுக்கு நண்டும் ஆச்சு என்று அவள் சாக்கோடு பாறையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். இருளாயி அபியை அழைத்துக்கொண்டு வழுக்குப்பாறைகளின் மேல் நடந்து, ஒரு பள்ளத்தின் ஓரத்தில் பிள்ளையை உட்காரவைத்து, மணிக்கட்டு நாடாக்களைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"அந்தா பாரு, பிடி."

"பிடிக்கலாமா?" என்றாள் அபி, நம்பாமல். நம்பியதும் பாய்ந்து பிடித்தாள். அவள் கைக்குக் கிடைத்தது ஓடு கழற்றிப் புதுசாகிக்கொண்டிருந்த நண்டு. அழுத்தியதும் மாவுபோல நசுங்கிற்று.

"அம்மா, இது ஒடையல. கொழகொழங்குது."

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். பிள்ளையின் திறந்த கைகளைப் பார்த்தாள், பாறையில் கிடந்த பூப்போட்ட பைகளைப் பார்த்தாள், இருளாயியின் முகத்தைப் பார்த்தாள். கரையில் வட்டம் கூடியிருந்தது, ஒரு சத்தம் போட்டால் போதும், கேட்கிற தூரம்தான். அலை ஒன்று வந்து இருவர் காலையும் நனைத்துப் போயிற்று. பஞ்சவர்ணம் சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி, அகலமான ஒரு நண்டை எடுத்து, கொடுக்குகளைத் திருகி எறிந்துவிட்டு, பிள்ளையின் முன்னால் வைத்தாள்.

"அது எளக்கம், ஓடு வராது. இதக் குடு. இது கெட்டி."

சொல்லிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

இருளாயி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவையும் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று துடித்தன. ஒரே ஒரு நண்டு போதும், ஒரு பட்சத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், வாசலில் யாரும் செரும மாட்டார்கள். ஆனால் நேற்று அவள் கையில் பிறந்த பிள்ளை ஒன்று ஊரில் இருந்தது, அதைக் குளிப்பாட்டக் கை வேண்டும். தன்னோடு முடிந்தால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். வருஷக்கணக்காகத் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்ட வேலையை, விரல்கூடப் படாமல், வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள்.

"மல்லாத்து. கால எல்லாம் திருகு. ஆங்... அடியில மூடி இருக்குல்ல, அதத் தூக்கு. இப்ப திருப்பி, பின்பக்கமாப் பெருவெரல உள்ள விடு. பயப்படாத, இன்னும் உள்ள. நெம்பு."

டப்பென்றது. அபி கையில் ஓடும் கையில் உடலுமாக, வாயெல்லாம் சிரிப்பாக, அம்மாவைப் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் கீறி ரத்தம் வந்திருந்தது.

"இன்னொண்ணும்மா!"

"இன்னொண்ணு" என்றாள் இருளாயி. பஞ்சவர்ணம் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக இன்னொரு நண்டைத் தள்ளிவிட்டாள்.

வாடையை முதலில் கண்டவள் மூக்கம்மா. பிள்ளையின் கையை மோந்துவிட்டு அவள் போட்ட கூப்பாட்டில் தெரு திரண்டது. கழுவினார்கள், புளி போட்டுத் தேய்த்தார்கள், அம்மனுக்குக் காசு முடிந்துவைத்தார்கள். அபி உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினாள். கோயில் முன்னே ஊர் கூடி இருளாயியை நடுவில் நிறுத்திற்று.

"பெத்த பிள்ள கையக் கெடுத்த தாய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் தலைவர். "ஒனக்குப் பெறகு எங்க பிள்ளைகள யாரு தொடுவா? சொல்லு. யாரு தொடுவா?"

"எத்தன வீடு இருக்கு மாமா, ஊர்ல? ஒரு வீட்டுல ஒரு பிள்ளைய நண்டு தொடாம வளங்க. நான் சாகுறதுக்குள்ள சொல்லிக்குடுக்கேன்."

ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருந்தவளின் இடுப்புப் பிள்ளையைப் பார்த்தாள். கரையில் தூண்டில் கயிறுகள் காய்ந்துகொண்டிருந்தன, சாக்குகளில் நண்டுகள் கரகரத்தன, விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

ஓடு நுனிவிரல்களில் தொடங்கி உள்நோக்கி வந்தது. இருளாயி ஒவ்வொரு நாளும், போகிற இடமெல்லாம் போய்விட்டு வந்து, அபியின் கைகளை மடியில் விரித்து, எங்கே வரை வந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். விரல்கள் போயின, கணுக்கள் போயின, புறங்கையில் புள்ளிகள் விழுந்தன. உள்ளங்கையின் நடுக்குழி மட்டும் ஒரு வேப்பம்பழம் அளவுக்கு மெத்தென்று மிஞ்சியிருந்தது. நம்புராஜன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஊர் கூடிய நாளிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை.

"எம் மக கை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாமலே போச்சு" என்றான். "நீதான் தொட்டவ. சொல்லேன்."

இருளாயி அந்தக் குழியில் விரலை வைத்தாள். ஊரில் எத்தனையோ உடம்புகளைத் தொட்டு இது இப்படி, இது இப்படி என்று சொன்னவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "சின்னதா இருக்கும்" என்றாள் கடைசியில். அவன் தலையாட்டினான், அது போதும் என்பதுபோல.

ஒரு காலையில் அந்தக் குழியும் மூடியிருந்தது. வாசலில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்று, "அக்கா, உள்ள கொதிக்குதா என்னன்னு தெரியல, வந்து பாக்கிறியா" என்றாள். இருளாயி எழுந்தாள். அபி, பைகள் இல்லாத கைகளோடு ஓடிவந்து, "நானும் வாரேன்" என்று அம்மாவின் விரலைப் பற்றினாள். மூவரும் மணலில் நடந்தார்கள். நாலடி போவதற்குள் பிள்ளை நின்று, பிடித்த பிடியை விடாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தது, பிறகு குனிந்து கைகளைப் பார்த்தது.

"அம்மா, நான் ஒன்னயப் பிடிச்சிருக்கேனா?"

இருளாயியின் விரலெலும்பு நெரிந்துகொண்டிருந்தது, நகத்தின் அடியில் ரத்தம் கட்டிற்று.

"பிடிச்சிருக்கடி" என்றாள் இருளாயி.

அது உண்மைதானா என்று பார்க்க அபி இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.